சேம அச்சு: வழங்கிப் பொதிகளும் அவற்றின் சார்புகளும்



'பொதி' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. உப்புப் பொதி, பருத்திப் பொதி, பொதி மாடு, பொதி சுமக்கும் கழுதை என ஊர்ப்புறப் பேச்சில் இன்றும் வழங்கிவரும் சொல்தான் அது. கணினித் தமிழில் உழைத்தவர்கள் 'பேக்கேஜ்' என்பதற்கு இச்சொல்லை எடுத்தாண்டபோது அது மிகப் பொருத்தமாகவே அமைந்தது. ஒரு மென்பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் அதன் கோப்புகளை வெறுமனே அள்ளிப் போட்டால் போதாது. எவை எங்கே அமர வேண்டும், எதை முதலில் இயக்க வேண்டும், நீக்கும்போது எவற்றை விட்டுவைக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பொதிக்கு வேறு எந்தெந்தப் பொதிகள் துணையாக இருந்தாக வேண்டும் என்ற குறிப்பையும் எழுதிச் செருக வேண்டும். அந்தக் குறிப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நாம் வழங்கி மென்பொருளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நமது துறை நூலகத்தின் நூற்பட்டியலுக்கு நேர்ந்த ஒன்றுதான் நம்மை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் கல்லூரித் தமிழ்த்துறைக்கெனத் தனியாக ஒரு சிறு நூலகம் உண்டு. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் விட்டுச்சென்ற நூல்கள், பழைய பதிப்புகள், ஆய்வேடுகள் எனச் சில ஆயிரம் இருக்கும். நம்மிடம் இளங்கலை பயின்று பின்னர் கணினித் தொழிலுக்குப் போன மாணவர் ஒருவர், 2015இல் அவற்றைத் தேடுவதற்கு ஒரு நிரலைப் பிஎச்பி மொழியில் எழுதித் தந்தார். துறையின் மூலையில் கிடந்த கணினி ஒன்றில் டெபியன் இயங்குதளத்தை நிறுவி, அதன்மேல் அப்பாச்சி வழங்கியை அமர்த்தி, வளாகத்திற்குள் எவரும் உலவியில் திறந்து பார்க்குமாறு செய்தார். எட்டாண்டுகள் அது குறையின்றி ஓடியது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கணினி முதுமை எய்தவே, கல்லூரியின் பிற வழங்கிகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் கோப்புகளைப் புதிய கணினிக்கு நகலெடுத்து, புதிய பிஎச்பிக்கு ஏற்பச் சில வரிகளைத் திருத்தி, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று எழுதித் தந்துவிட்டுச் சென்றனர்.

ஓடியது என்பது உண்மைதான். பக்கம் திறந்தது, தேடினால் நூல்கள் வந்தன. ஆயினும் சில வாரங்களில் மூன்று கோளாறுகள் கண்ணில் பட்டன. நீளமான நூல் தலைப்புகள் நடுவில் முறிந்து, முறிந்த இடத்தில் வினாக்குறி பொறித்த கறுப்புச் சாய்சதுரம் ஒன்று நின்றது. மூன்றெழுத்துக்குக் குறைவாகத் தேடினால் 'மேலும் எழுத்துகள் தருக' என்று கேட்டுவந்த நிரல், இப்போது 'அ' என்று ஓர் எழுத்தை இட்டாலே முழுப் பட்டியலையும் கொட்டியது. மூன்றாவதுதான் பெரிது. அகரவரிசை குலைந்துவிட்டது.

அகரவரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதை நூலகத்தில் பழகியவர் அறிவர். நம் ஆய்வு மாணவி ஒருவர் 'அன்பு' என்று தொடங்கும் பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தேடினார். தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகிய கை, அகரப் பகுதியின் கடைசிப் பக்கத்திற்குத்தான் போகும். அங்கே நூல் இல்லை. நம்மிடம் இல்லை என்று முடிவுகட்டி, விடியற்காலைப் பேருந்தில் ஏறி வேறோர் ஊர் நூலகத்திற்குச் சென்று ஒரு பகலைச் செலவிட்டு வந்தார். நூலோ நம் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பட்டியலாவது தேடிப் பார்த்ததும் பிடிபட்டுவிடும். இருப்பதை இல்லையென்று சொல்லும் பட்டியல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது என்று எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

கணினி அறிவியல் துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் மாலையில் வந்து பார்த்தார். அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயா, இதில் பழுது எதுவுமில்லை. இரண்டு கூறுகள் இல்லை, அவ்வளவுதான். எம்பிஸ்ட்ரிங் என்று ஒன்று, இன்ட்ல் என்று ஒன்று."

பராமரிப்பு நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். "அதெல்லாம் ஆப்ஷனல் மாட்யூல் சார். வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே" என்றனர். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தபோது அந்த விடையில் பாதி நியாயம் இருப்பது புரிந்தது. எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பது உண்மை. மீதிப் பாதிதான் நம்மைப் பல நாள் உறுத்தியது. விருப்பக் கூறு என்கிறார்களே, அது யாருடைய விருப்பம்?

அவ்விரு கூறுகளும் செய்வதென்ன என்பதை ஒரு சொல்லை வைத்தே விளக்கிவிடலாம். 'தமிழ்' என்று எழுதுங்கள். நமக்கு அது மூன்றெழுத்து. ஒருங்குறியில் அதே சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ஆக மொத்தம் பதினைந்து பைட்டு. பிஎச்பியின் அடிப்படை நிரலிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்னும். எம்பிஸ்ட்ரிங் கூறிடம் கேட்டால் 5 என்னும். இன்ட்ல் கூறிடம் எழுத்துக் கூட்டுகளை எண்ணச் சொன்னால்தான் 3 என்னும். ஆங்கிலச் சொல்லுக்கு இம்மூன்று விடைகளும் ஒன்றாகவே இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர் இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் உணராமலே போகக்கூடும்.

நம் பட்டியலில் தலைப்புகள் நாற்பதாவது இடத்தில் வெட்டப்படும். குறியீடுகளாக எண்ணினால் வெட்டு இரு குறியீடுகளுக்கு இடையே விழும். பைட்டுகளாக எண்ணினால், இடைவெளியில்லாத தமிழ்த் தொடரில் பதின்மூன்று குறியீடுகளும் பதினான்காவதன் மூன்றில் ஒரு பங்கும் எஞ்சும். அந்த மூன்றில் ஒரு பங்குதான் கறுப்புச் சாய்சதுரமாக நின்றது. 'அ' என்ற ஓரெழுத்தும் மூன்று பைட்டாகையால் மூன்றெழுத்துச் சோதனையைக் கடந்துவிட்டது.

அகரவரிசையின் கதையும் இதுவே. ஒருங்குறி அட்டவணையில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. நகரத்திற்கு அடுத்த இடத்தில் னகரம். ரகரத்திற்கு அடுத்து றகரம். பின்பு லகரம், ளகரம், ழகரம், வகரம். எனவே குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அன்பு, அப்பம், அரசு, அறம், அலை, அளவு, அழகு, அவை என்று வரும். நம் அகராதி வரிசையோ அப்பம், அரசு, அலை, அவை, அழகு, அளவு, அறம், அன்பு என்பது. இந்த இரண்டாம் வரிசையைக் கணினிக்குத் தெரிவிப்பது இன்ட்ல் கூறு. அதுவும் தானாக அறிந்து சொல்வதில்லை. ஐசியூ என்னும் பெரியதொரு நிரலகத்தைச் சார்ந்து நின்று சொல்கிறது. உலக மொழிகளின் வரிசை விதிகளும் நாள், எண் மரபுகளும் அடங்கிய அந்த நிரலகத்தின் தரவு மட்டுமே இருபது மெகாபைட்டைத் தாண்டும்.

இவை இல்லாதபோது நிரல் ஏன் நின்றுவிடவில்லை என்று கேட்கலாம். அங்கேதான் நுட்பம் இருக்கிறது. நம் மாணவர் எச்சரிக்கை உணர்வுள்ளவர். கூறு இருந்தால் அதைப் பயன்படுத்து, இல்லையெனில் அடிப்படைச் செயற்கூற்றைக் கொண்டு ஒப்பேற்று என்று எழுதியிருந்தார். நிரலாளர் பலரும் கைக்கொள்ளும் வழக்கம்தான் இது. இதனால் நிரல் ஓடிக்கொண்டே பிழையாக விடை தந்தது. நின்றுபோயிருந்தால் அன்றே எவரேனும் கவனித்திருப்பர். அந்தப் பெண்ணின் ஒரு நாள் வீணாகியிருக்காது.

இனி, 'எங்கேயும் எழுதியிருக்கவில்லை' என்பதற்கு வருவோம். டெபியன் என்பது 1993ஆம் ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம். அவர் 2015 டிசம்பரில் மறைந்தார், திட்டம் தொடர்கிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பொதிகளைக் கட்டிக் காத்துவருகின்றனர். பிஎச்பிக்கு டெபியன் கட்டும் பொதிகளின் வரலாற்றில் ஒரு திருப்பம் உண்டு. 2015இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு வரை எம்பிஸ்ட்ரிங் தனிப்பொதியாக இல்லை. பிஎச்பியோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் பிஎச்பி 7.0 இடம்பெற்றபோது அதைத் தனியே பிரித்துவிட்டனர். நம் மாணவர் நிறுவியது எட்டாம் பதிப்பு. ஆகவே எம்பிஸ்ட்ரிங்கை அவர் கேட்டு வாங்கவே இல்லை. அது கூடவே வந்தது. கேட்டு வாங்காத பொருளைக் குறிப்பில் எழுதத் தோன்றுவதில்லை. உப்பு வாங்கும்போது கடைக்காரர் தாமாகவே பையும் கொடுத்துவந்தால், பை என்பது வாங்க வேண்டிய பொருள் என்பதே வீட்டாருக்கு மறந்துவிடும்.

பிரித்தவர்களைக் குறை சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் தரப்பையும் பார்க்க வேண்டும். ஒரு கூறு தனியாக வருவதில்லை. தன் சுற்றத்தையும் அழைத்துக்கொண்டு வரும். படங்களைக் கையாளும் ஜிடி கூற்றைச் சேர்த்தால் பட வடிவங்களுக்கான நிரலகங்கள் பல உடன் வரும். இன்ட்ல் வந்தால் ஐசியூ வரும். ஒவ்வொன்றும் வட்டில் இடம் கேட்கும். ஒவ்வொன்றிலும் காலந்தோறும் பாதுகாப்புக் குறைகள் வெளிப்படும். ஒவ்வொன்றையும் எவரேனும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயொரு சிறு பணிக்கு வழங்கி வைத்திருப்பவர் மீது இத்தனை சுமையை ஏற்றுவது முறையன்று.

இந்த இக்கட்டைத் தீர்க்கவே சார்பில் பல படிகளை வகுத்தனர். டெபியன் பொதிக்குள் செருகப்படும் குறிப்பில் 'டிபெண்ட்ஸ்' என்ற வரியில் வருபவை இன்றியமையாதன. அவை இல்லாமல் பொதி நிறுவப்படவே மாட்டாது. 'ரெக்கமெண்ட்ஸ்' என்ற வரியில் வருபவை, இல்லாவிடினும் இயங்கும், ஆனால் அரிதான சூழல்கள் தவிர மற்றெல்லா இடத்திலும் கூட இருக்க வேண்டியவை. 'சஜெஸ்ட்ஸ்' என்பது, இருந்தால் பயன் கூடும் என்ற அளவில் நிற்பது. 'கான்ஃப்ளிக்ட்ஸ்' என்ற வரி, இன்னதோடு ஒருங்கே இருக்கலாகாது என்பதைச் சொல்லும். 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், பரிந்துரைக்கப்பட்டவையும் தாமாகவே நிறுவப்படுகின்றன. வேண்டாம் என்பவர் அதைத் தனியே சொல்ல வேண்டும். இடத்தைச் சிக்கனம் செய்ய விரும்புவோர் பலர் அப்படியே சொல்லிவிடுகின்றனர் என்பது வேறு செய்தி.

அப்பாச்சி வழங்கியின் கூறுகளை டெபியன் கையாளும் விதம் நம்மை வெகுவாகக் கவர்ந்தது. 'இருப்பன' என்று ஒரு கோப்புறை, 'இயங்குவன' என்று ஒரு கோப்புறை. முதலாவதில் எல்லாக் கூறுகளுக்குமான குறிப்புகள் இருக்கும். ஒன்றை இயக்கும்போது அதற்கு ஓர் இணைப்பு இரண்டாவதில் வைக்கப்படும். சார்போ முரணோ உள்ள குறிப்பின் தலையில் அது யாரைச் சார்ந்தது, யாரோடு முரண்படும் என்று ஒரு வரி. மறையாக்கத்திற்கான எஸ்எஸ்எல் கூற்றை இயக்கினால் அது சார்ந்துள்ள வேறு மூன்று சிறு கூறுகளும் தாமே இயங்கத் தொடங்கும். வேண்டுகைகளைப் பங்கிட்டுக் கையாளும் முறைகள் மூன்று உண்டு. அவை ஒன்றையொன்று விலக்குவன. ஒன்று இருக்கும்போது மற்றொன்றை இயக்க முயன்றால் கட்டளை மறுத்துவிடும். கோயிலுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மேளக்கட்டு வாசிக்க விடமாட்டார்கள் அல்லவா, அது போல.

எஞ்சின்எக்ஸ் என்னும் மற்றொரு வழங்கியின் கதை வேறு. 2016 பிப்ரவரியில் வந்த 1.9.11ஆம் பதிப்புக்கு முன்பு அதன் கூறுகளை ஓடும் நிரலோடு பின்னர்ச் சேர்க்க வழியில்லை. கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டிவிட வேண்டும். எனவே டெபியன் அதை எளியது, முழுமையானது, மிகுதியானது என மூன்று பொதிகளாகக் கட்டி வைத்தது. உணவு விடுதியில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று எழுதிப் போடுவதைப் போன்ற ஏற்பாடு. ரசம் மட்டும் வேண்டும் என்பவரும் முழுச் சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்க வேண்டியதுதான். பின்னர்க் கூறுகளைத் தனித்தனியே ஏற்றும் வசதி வந்ததும் ஒவ்வொன்றும் தனிப்பொதியாகும் வழி திறந்தது.

இவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது நமக்கு வகுப்பறை நினைவே வந்தது. முதலெழுத்து, சார்பெழுத்து என்ற பகுப்பை ஆண்டுதோறும் நடத்துகிறோம். முதலெழுத்து முப்பது என்பதில் தொல்காப்பியமும் நன்னூலும் ஒன்றுபடுகின்றன. சார்பெழுத்தில் வேறுபடுகின்றன. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றோடு நிறுத்துகிறது. நன்னூல் உயிர்மெய்யையும் அளபெடைகளையும் குறுக்கங்களையும் சேர்த்துப் பத்து என்கிறது. மொழி ஒன்றுதான், எதைச் சார்பென எண்ணுவது என்பதில் இலக்கண ஆசிரியர்கள் தத்தம் நோக்கில் முடிவெடுத்தனர். ஆனால் இருவருமே ஒன்றைச் செய்தனர். தாம் எண்ணியதை எழுதி வைத்தனர். எழுதி வைத்ததனால்தான் நம்மால் ஒப்பிட முடிகிறது, மறுக்கவும் முடிகிறது. சார்பு என்பது இழிவன்று. சொல்லப்படாத சார்புதான் இடர்.

சொல்லப்படாத சார்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகம் 2024 மார்ச் 29 அன்று கண்டது. ஆண்டிரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழங்கி வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாக விடையளிப்பதைக் கவனித்தார். அந்த அரை நொடியைத் தொடர்ந்து சென்றபோது, கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் எவரோ திட்டமிட்டுக் கள்ளவாயில் ஒன்றை வைத்திருந்தது தெரியவந்தது. அதை வைத்தவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டத்தில் நல்லவராகப் பணிசெய்து நம்பிக்கையைப் பெற்றவர்.

இதில் நம் பொருளுக்குரிய செய்தி ஒன்றுண்டு. எஸ்எஸ்எச் வழங்கிக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. அதை ஆக்கியவர்கள் அதைச் சார்ந்து எழுதவுமில்லை. டெபியன் உள்ளிட்ட சில இயங்குதளங்களின் பொதியாளர்கள், 'நான் ஆயத்தமாகிவிட்டேன்' என்று சிஸ்டம்டி என்னும் மேலாளருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பும் வசதியைக் கூடுதலாகச் சேர்த்தனர். அந்த ஒரு வசதிக்காக சிஸ்டம்டியின் நிரலகம் உள்ளே வந்தது. அது வேறு பணிகளுக்காக எக்ஸ்இசட்டின் நிரலகத்தைச் சார்ந்திருந்தது. விருந்தாளி அழைத்து வந்த விருந்தாளியின் பின்னே திருடன் வந்தான். நல்வாய்ப்பாக, டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை; சோதனை நிலையில் இருந்தவற்றோடு நின்றது. அதே ஆண்டிலேயே சிஸ்டம்டி, சுருக்க நிரலகங்களைத் தேவைப்படும் தருணத்தில் மட்டும் ஏற்றுமாறு மாற்றிக்கொண்டது. எஸ்எஸ்எச் தரப்பினரும் அச்சிறு செய்தியை அந்த நிரலகத்தின் துணையின்றித் தாமே அனுப்ப வழி செய்துகொண்டனர்.

ஆக, ஒரு புறம் வேண்டாத கூறு உள்ளே வந்து ஆபத்தை விளைவித்தது. மறுபுறம் வேண்டிய கூறு வெளியே நின்று நம் பட்டியலைக் கெடுத்தது. முன்னதைப் பார்த்து, எல்லாவற்றையும் வெட்டி எறிவதே அறிவு என்பார் உளர். பின்னதைப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடு என்பாரும் உளர். நமக்கு இரண்டும் உடன்பாடில்லை.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது உப்பு வணிகரின் வண்டியை உவமையாக எடுக்கிறார். வண்டியில் பண்டம் பெரிது. போகும் வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும்? எனவே ஓடும் அச்சுக்குக் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகின்றனர் உமணர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். சமதரையில் மட்டும் ஓட்டுபவனுக்கு அது வீண் பாரம். மலைநாட்டுக்கு உப்பு கொண்டுசெல்பவனுக்கு அதுவே உயிர். அச்சைக் கட்டுவதா விடுவதா என்பதை வண்டி செய்த தச்சன் முடிவுசெய்ய இயலாது. வழியறிந்த வணிகன்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இங்கே நமக்கு ஒரு தெளிவு பிறந்தது. பிஎச்பியைக் கட்டுபவர் தச்சர். அது எந்த மொழிக்காரரின் கையில் சேரும் என்பது அவருக்குத் தெரியாது. எம்பிஸ்ட்ரிங்கை விருப்பமாக விட்டுவைத்தது அவரளவில் முறையே. அந்தக் கூறுகூட, பல பைட்டு எழுத்துகளோடு மல்லாடிய ஜப்பானிய நிரலாளர்களின் தேவையிலிருந்து பிறந்ததுதான். அவர்கள் வழி மேடுபள்ளமானது. அச்சைத் தாமே செய்துகொண்டனர். தமிழ் நூற்பட்டியலைக் கட்டுபவரோ வழி தெரிந்தவர். அவர் கையில் அதே கூறு விருப்பமாக இருக்க முடியாது. அடித்தளத்தில் விருப்பமாக இருப்பது மேல்தளத்தில் இன்றியமையாததாகும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறதோ அங்கே அதை எழுதி வைக்க வேண்டும்.

அதைத்தான் செய்தோம். கணினித் துறை நண்பரும் அவருடைய இரண்டாமாண்டு மாணவர்கள் இருவரும் நம் நூற்பட்டியல் நிரலை முறையான டெபியன் பொதியாகக் கட்டினர். குறிப்பு எழுதும் நாளன்று நாமும் உடனமர்ந்தோம். எது எந்த வரியில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டனர். எம்பிஸ்ட்ரிங்கும் இன்ட்லும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. நூலட்டையின் படத்தைச் சிறிதாக்கிக் காட்டும் ஜிடி கூறு பரிந்துரையில் அமர்ந்தது. பட்டியலை அச்சிடத்தக்க கோப்பாக்கும் வசதியைச் சிலரே பயன்படுத்துவர். அது சஜெஸ்ட்ஸ் வரிக்குப் போயிற்று. அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அரை மணியில் நம் நூலகத்திற்கு உண்மையில் எது தேவை, எது அழகு, எது ஆசை என்பது பற்றி எட்டாண்டுகளில் பேசாத அளவுக்குப் பேசினோம்.

கூறு இல்லையென்றால் ஒப்பேற்று என்றிருந்த வரிகளை நீக்கச் சொன்னோம். மாணவருள் ஒருவர், "அப்படியானால் பக்கமே திறக்காதே, ஐயா" என்றார். திறக்காமலிருப்பதே நல்லது என்றோம். தமிழை எண்ணத் தெரியாத பட்டியல், தெரிந்ததுபோல் நடிப்பதைவிட மூடிக்கிடப்பது மேல். நிறுவும்போதே நடக்கும் ஒரு சிறு சோதனையையும் அவர்கள் சேர்த்தனர். 'தமிழ்' என்ற சொல்லை எண்ணி மூன்று வருகிறதா, மேலே சொன்ன எட்டுச் சொற்களை அடுக்கி 'அன்பு' இறுதியில் நிற்கிறதா என்று பார்க்கும். இல்லையெனில் நிறுவல் நின்றுவிடும். எந்தக் கூறு இல்லை என்பதைத் தமிழிலேயே சொல்லும்.

நூலகம், சுவடித் தொகுப்பு, இதழ்த் தொகுப்பு என்று எதையேனும் கணினியில் பராமரித்துவரும் நண்பர்கள் இப்பக்கங்களைப் படிப்பவருள் பலர் இருப்பர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டியலில் அந்த எட்டுச் சொற்களை இட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். 'அன்பு' முதலில் வந்து நின்றால், பராமரிப்பவரிடம் இன்ட்ல் கூறு இருக்கிறதா என்று கேளுங்கள். அது விருப்பக் கூறு என்று விடை வந்தால் வாதிட வேண்டாம். நம் பொதியில் அது விருப்பமன்று என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் போதும், அடுத்த முறை கணினி மாறும்போது நீங்கள் அருகில் இல்லாவிட்டாலும் நூல்கள் தத்தம் இடத்தில் நிற்கும்.